சிறை கண்ட அறிஞர் ஹாஃப்கின்

கொள்ளை நோய் ஓர் ஊருக்குள் நுழைந்துவிட்டால் அறிவுரைக்குப் பஞ்சம் இருப்பதில்லை. வீட்டை விட்டு வெளியே வராதீர்கள் என்பார்கள். வீடே இல்லாதவன் எங்கே போய் அடைந்து கிடப்பான் என்று எண்ணிப் பார்ப்பவர் சிலர். கூட்டத்தில் சேராதீர்கள் என்பார்கள். பத்துப் பேர் படுக்க வேண்டிய கூடத்தில் முப்பது பேரோடு பூட்டி வைக்கப்பட்டவன் எப்படி விலகி நிற்பான் என்று கேட்பவர் அவர்களினும் சிலர். பணம் படைத்தவன் ஊரை விட்டு ஓடுகிறான். ஏழை தன் குடிசையில் முடங்குகிறான். ஓடவும் வழியின்றி முடங்கவும் இடமின்றி நிற்பவர் இருவர். சிறையில் கிடப்பவன் ஒருவன். தெருவில் கிடப்பவன் மற்றொருவன்.

2020-ஆம் ஆண்டில் கொரோனா வந்தபோது இதை நாம் எல்லோரும் கண்ணாரக் கண்டோம். அப்போது நான் பள்ளி மாணவன். பின்னர் பல்கலைக்கழகத்தில் நுண்ணுயிர் பற்றிப் படிக்க வந்தபோது, தடுப்பூசியின் வரலாற்றில் ஒரு பெயர் என் கண்ணில் பட்டது. பாடநூல் அந்தப் பெயருக்கு இரண்டே வரி ஒதுக்கியிருந்தது. பிளேக் நோய்க்கு முதன்முதலாக ஊசிமருந்து கண்டவர்; அதைப் பம்பாய்ச் சிறை ஒன்றில் கைதிகளுக்குப் போட்டவர். அவ்வளவுதான். பிளேக் பரவிய காலத்தில் ஒருவர் சிறைக்குள் போனாரா, ஏன் போனார், அங்கே என்ன நடந்தது என்று அறிய ஆவல் கொண்டேன். தேடிப் படித்தேன். படித்தவற்றை நம் மன்றத்து நண்பர்களோடு பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறேன்.

அவர் பெயர் வால்டெமர் ஹாஃப்கின்.

இளமையும் சிறையும்

கருங்கடலின் கரையில் ஒடெசா என்று ஒரு துறைமுக நகரம் உண்டு. இன்று அது உக்ரைன் நாட்டில் இருக்கிறது. அன்று ரஷ்யப் பேரரசுக்கு உட்பட்டிருந்தது. அந்நகரில் 1860-ஆம் ஆண்டு மார்ச் 15-ஆம் நாள், யூத வணிகக் குடும்பம் ஒன்றில் ஹாஃப்கின் பிறந்தார். ஜார் மன்னரின் ஆட்சியில் யூதராகப் பிறப்பது எளிய வாழ்வுக்கு வழி அன்று. எங்கே குடியிருக்கலாம், எந்தப் பதவிக்கு வரலாம் என்பவற்றுக்கெல்லாம் அவர்களுக்குத் தனிச் சட்டம் இருந்தது.

ஒடெசாப் பல்கலைக்கழகத்தில் அவர் உயிரியல் பயின்றார். அங்கே அவருக்கு ஆசிரியராக வாய்த்தவர் மெச்னிகோவ். இரத்தத்தின் வெள்ளணுக்கள் நோய்க்கிருமிகளை விழுங்கி உடலைக் காக்கின்றன என்று கண்டு, பின்னாளில் 1908-இல் நோபல் பரிசு பெற்ற பேரறிஞர் அவரே. ஆசிரியரின் ஆய்வுக்கூடம் மாணவரை ஒரு பக்கம் இழுத்தது; நாட்டின் நிலை மறுபக்கம் இழுத்தது. மாணவர் பலர் ஜாரின் கொடுங்கோன்மையை எதிர்த்துக் கிளம்பிய காலம் அது. ஹாஃப்கினும் அவர்களோடு சேர்ந்தார்.

1881-இல் ஜார் இரண்டாம் அலெக்சாண்டர் குண்டுவீச்சில் இறந்தார். அதைத் தொடர்ந்து யூதர்களின் வீடுகளும் கடைகளும் சூறையாடப்பட்டன. ஒடெசாவில் யூத இளைஞர்கள் தம் தெருக்களைக் காக்கப் படை திரட்டினர். அதில் நின்று போராடிய ஹாஃப்கின் காயமுற்றார், கைதும் செய்யப்பட்டார். மெச்னிகோவ் தலையிட்டுப் பேசியதால் விடுதலை கிடைத்தது. சிறைக் கதவு வெளியிலிருந்து எப்படித் தோன்றும் என்பது எல்லோருக்கும் தெரியும். உள்ளிருந்து எப்படித் தோன்றும் என்பதை அவர் இருபத்தொரு வயதிலேயே அறிந்துகொண்டார்.

பட்டம் பெற்ற பின் ஒடெசாவின் விலங்கியல் காட்சிச்சாலையில் அவருக்கு வேலை கிடைத்தது. அதற்கு மேல் உயர வேண்டுமானால் யூத சமயத்தை விட்டு ரஷ்யத் திருச்சபையில் சேர வேண்டும். அவர் மறுத்தார். மறுத்தவருக்கு அந்த மண்ணில் வாழ்வில்லை. 1888-இல் நாட்டை விட்டுப் புறப்பட்டார். ஓராண்டு ஜெனிவாவில் உடலியல் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக இருந்தார். 1889-இல் பாரிசுக்குச் சென்று, லூயி பாஸ்டர் நிறுவிய ஆய்வு நிலையத்தின் வாசலை மிதித்தார். மெச்னிகோவ் முன்பே அங்கு வந்திருந்தார். ஆனால் நிலையத்தில் அப்போது காலியாக இருந்தது நூலகர் வேலை ஒன்றுதான். அதையே ஏற்றுக்கொண்டார். பகலில் புத்தகம் அடுக்கினார். ஓய்ந்த வேளையில் கிருமிகளை ஆராய்ந்தார்.

தன் உடலே முதற் களம்

அந்நாளில் உலகை உலுக்கிக்கொண்டிருந்த நோய் காலரா. நம் நாட்டார் வாந்திபேதி என்று அழைத்தது அதைத்தான். காலராக் கிருமியை வலுவிழக்கச் செய்து உடலில் செலுத்தினால் உடல் அதை எதிர்க்கப் பழகிக்கொள்ளும் என்று ஹாஃப்கின் எண்ணினார். விலங்குகளில் சோதித்தார், பலித்தது. மனிதரில் பலிக்குமா? 1892 ஜூலை 18-ஆம் நாள் அந்த மருந்தைத் தம் உடலிலேயே செலுத்திக்கொண்டார். காய்ச்சல் வந்தது, ஊசி பட்ட இடம் வலித்தது, சில நாட்களில் தேறினார். அதன் பின்னரே நண்பர் சிலருக்குப் போட்டார்.

இந்தச் செயலை நண்பர்கள் நினைவில் வைக்க வேண்டுகிறேன். அவர் வாழ்க்கை முழுவதற்கும் இதுவே அடிப்படை. பிறர் உடலில் செலுத்தும் முன் தம் உடலில் செலுத்த வேண்டும் என்பதை அவர் ஒரு நெறியாகவே கொண்டார்.

காலராவின் தாயகம் கங்கைச் சமவெளி. எனவே இந்தியாவில்தான் அம்மருந்தின் உண்மைத் தேர்வு நடக்க வேண்டும். இந்தியாவின் வைசிராயாக இருந்து, அப்போது பாரிசில் பிரிட்டிஷ் தூதராக இருந்த டஃபரின் பிரபு துணை செய்தார். 1893-ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஹாஃப்கின் கல்கத்தாவில் வந்திறங்கினார்.

வரவேற்பு இனிப்பாக இல்லை. அவர் மருத்துவப் பட்டம் பெற்றவர் அல்லர், விலங்கியல் படித்தவர். ஆங்கிலேயரும் அல்லர்; ரஷ்ய யூதர். அரசின் மருத்துவ அதிகாரிகள் பலர் அவரை ஐயத்தோடு பார்த்தனர். மக்களோ ஊசி என்றாலே அஞ்சினர். வெள்ளைக்காரன் உடலில் நஞ்சேற்ற வந்திருக்கிறான் என்ற பேச்சு பரவியது. அவர் தளரவில்லை. வட இந்தியாவின் ஊர் ஊராக அலைந்தார். இரண்டரை ஆண்டுக்குள் நாற்பதாயிரம் பேருக்கு மேல் ஊசி போட்டார்.

அவர் யாரிடம் சென்றார் என்பதுதான் என்னைக் கவர்ந்தது. படைவீரர்களின் பாசறை, அசாம் தேயிலைத் தோட்டக் கூலிகளின் குடியிருப்பு, கல்கத்தாவின் சேரி, சிறைச்சாலை ஆகிய இடங்களே அவருடைய களங்கள். 1894-இல் கல்கத்தாச் சேரி ஒன்றில் காலரா தோன்றியது. ஏறக்குறைய 200 பேர் வாழ்ந்த அவ்விடத்தில் 116 பேர் ஊசி போட்டுக்கொண்டனர். அதற்குப் பிறகு அங்கே காலரா கண்டவர்கள் ஊசி போடாதவர்களே. அவ்வாண்டே கயைச் சிறையில் காலரா நுழைந்தது. கைதிகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு ஊசி போடப்பட்டது. ஊசி பெறாதவர்களிடம் நோய் இரு மடங்குக்கும் மேலாகக் கண்டது. அவர் நுழைந்த முதற் சிறைகளுள் ஒன்று அது. மலேரியாவால் நலிந்து 1895-இல் ஐரோப்பாவுக்குத் திரும்பியவர், அடுத்த ஆண்டே மீண்டும் இந்தியாவுக்கு வந்தார்.

பம்பாயில் பிளேக்

1896 செப்டம்பரில் பம்பாயின் மாண்டவிப் பகுதியில் பிளேக் இருப்பதை வியேகஸ் என்ற மருத்துவர் கண்டறிந்தார். துறைமுகத்துக்கு அருகே, தானியக் கிடங்குகள் நிறைந்த பகுதி அது. எலிகள் செத்தன, பிறகு மனிதர் செத்தனர். எலியின் உடலிலிருந்து தெள்ளுப்பூச்சி வழியாக மனிதனுக்கு நோய் வருகிறது என்பதை உலகம் அப்போது ஏற்றுக்கொண்டிருக்கவில்லை. அழுக்கே காரணம் என்று எண்ணினர். ஏழையின் குடியிருப்பே அழுக்கின் இருப்பிடம் என்றும் எண்ணினர். 1897 பிப்ரவரியில் கொள்ளை நோய்ச் சட்டம் பிறந்தது. வீடு வீடாகச் சோதனை நடந்தது. நோயாளி மருத்துவமனைக்கும், அவரோடு இருந்தவர்கள் தனி முகாமுக்கும் கொண்டுபோகப்பட்டனர். தட்டுமுட்டுச் சாமான்கள் எரிக்கப்பட்டன. நோய்க்கு அஞ்சியவர்களைவிடச் சோதனைக்காரருக்கு அஞ்சியவர் மிகுதி. புனாவில் பிளேக் அதிகாரி ராண்ட் 1897 ஜூன் 22-ஆம் நாள் சுடப்பட்டது இந்தக் கொதிப்பின் விளைவே.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். குடியிருந்த மனிதனை ஒரே நாளில் வீடற்றவன் ஆக்கினார்கள். குற்றமற்ற மனிதனை ஒரே நாளில் காவலில் வைத்தார்கள். சிறைவாசியின் நிலையும் வீடற்றவனின் நிலையும் அந்த முகாம்களில் ஒன்றாய்க் கலந்தன.

ஹாஃப்கின் 1896 அக்டோபரில் பம்பாய்க்கு அழைக்கப்பட்டார். கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் ஒரு சிற்றறையும் தாழ்வாரமும் கொடுத்தார்கள். ஓர் எழுத்தரும் மூன்று ஏவலாளரும் துணை. அச்சம் மிகுந்த வேலை; உதவிக்கு வந்தவர்கள் நீடிக்கவில்லை. மூன்று மாதம் இரவு பகலாக உழைத்தார். இறைச்சிச் சாற்றில் பிளேக் கிருமியை வளர்த்தார். சாற்றின் மேல் சில துளி நெய் விட்டால், அந்த நெய்த் துளியைப் பற்றிக்கொண்டு கிருமி விழுது விழுதாகக் கீழ்நோக்கித் தொங்கி வளர்வதைக் கண்டார். நம் வீட்டு நெய்தான்; ஆலம் விழுது போல் வளர்ந்தது நஞ்சு! அந்த விழுதுகளைக் குலுக்கி உதிர்ப்பார், மீண்டும் வளரவிடுவார். பின் சூடேற்றிக் கிருமிகளைக் கொல்வார். கெடாதிருக்கச் சிறிது கார்பாலிக் அமிலம் சேர்ப்பார். செத்த கிருமியே மருந்து ஆயிற்று.

1897 ஜனவரி 10-ஆம் நாள் அந்த மருந்தை முதன்முதலாக ஏற்ற உடல் அவருடையதே. பின்னர்ப் பிறருக்குப் போட்டதைவிட மிகுந்த அளவு. கடுங்காய்ச்சல் அடித்தது. அதோடு தம் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பைக்குல்லாச் சிறை

அம்மாத இறுதியில் பம்பாயின் பைக்குல்லாச் சிறையில் பிளேக் நுழைந்தது. முந்நூற்றுக்கு மேற்பட்ட கைதிகள் இருந்தனர். அவர்களைக் கொண்டுபோக வேறு இடமில்லை. ஹாஃப்கின் மருந்தோடு சிறைக்குள் சென்றார். விரும்பி முன்வந்தவர்க்கு ஊசி போடப்பட்டது. ஏறக்குறையப் பாதிப் பேர் முன்வந்தனர். ஊசி போட்ட அன்றே சிலருக்கு நோய் வெளிப்பட்டது. அது முன்பே அவர்கள் உடலில் புகுந்துவிட்டிருந்தது. அவர்களைக் காக்க முடியவில்லை. அதன் பின் ஊசி பெற்றோரில் ஒருவரும் சாகவில்லை. பெறாதவர்களிடையே சாவு தொடர்ந்தது.

ஓராண்டு கழித்து, 1898-இன் தொடக்கத்தில், உமர்காடிச் சிறையில் நோய் தோன்றியது. அங்கே கைதிகளை வரிசையாக உட்காரவைத்து ஒருவர் விட்டு ஒருவருக்கு ஊசி போட்டார்கள். அடுத்த மாதம் பரோடாவுக்கு அருகே உந்தேரா என்ற ஊரில் ஒவ்வொரு குடும்பத்திலும் பாதிப் பேருக்குப் போட்டார்கள். உந்தேராவில் ஊசி போட்ட 71 பேரில் 8 பேருக்கு நோய் கண்டு 3 பேர் இறந்தனர். போடாத 64 பேரில் 27 பேருக்கு நோய் கண்டது. அவர்களுள் 26 பேர் இறந்தனர். இதற்கு மேல் சான்று என்ன வேண்டும்?

மருந்தின் புகழ் பரவியது. இளைஞரான ஆகாகான் பலர் அறிய ஊசி போட்டுக்கொண்டு, தம் சமூகத்தாரையும் போட்டுக்கொள்ளத் தூண்டினார். ஆய்வுக்கூடத்துக்குத் தம் மாளிகை ஒன்றையும் தந்தார். 1899 ஆகஸ்டில் பரேலில் இருந்த பழைய ஆளுநர் மாளிகை பிளேக் ஆய்வுக்கூடம் ஆயிற்று. பின்னர் இரண்டு கோடிக்கு மேற்பட்ட ஊசிகளுக்கான மருந்து அங்கிருந்து சென்றது.

தாண்ட முடியாத ஒரு கேள்வி

புகழ் பாடி மேலே செல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் இங்கே ஒரு கேள்வி வழி மறிக்கிறது. புதிய மருந்து ஏன் முதலில் சிறைக்குள் போயிற்று?

விரும்பியவர்க்கே போட்டார்கள் என்பது உண்மை. ஆயினும் பூட்டிய கதவுக்குள் இருப்பவனின் விருப்பம் எத்தகையது? கேட்பவர் அருகே சிறை அதிகாரி நிற்கிறார். மறுத்தால் என்ன நேரும் என்பது கைதிக்குத் தெரியாது. உமர்காடியில் ஒருவர் விட்டு ஒருவராக எண்ணியபோது அந்த விருப்பத்துக்கும் பெரிய இடம் இருந்திருக்காது. ஊசி பெறாத பாதிப் பேரின் சாவும் கணக்கில் ஏறியது. அந்தக் கணக்கே மருந்தின் சிறப்புக்குச் சான்றாயிற்று.

ஆய்வாளர் கண்ணோடு பார்த்தால் சிறை மிக வசதியான இடம். எல்லோரும் ஒரே கூரையின் கீழ். எல்லோருக்கும் ஒரே உணவு. தலை எண்ணிக்கை நாள்தோறும் உண்டு. ஒருவரும் ஊரை விட்டு ஓடிவிட முடியாது. ஆய்வுக்கு வசதியான அதே நிலைதான் கைதிக்கு அவலம். இதை மறந்து எந்த மருத்துவமும் பெருமை கொள்ள முடியாது. 1947-இல் நியூரம்பர்கில் நாஜி மருத்துவர்களுக்குத் தீர்ப்பு வழங்கியபோது, மனிதரிடம் சோதனை செய்ய அவரது கட்டாயமற்ற இசைவு வேண்டும் என்ற நெறி தெளிவாக எழுத்தில் வந்தது. ஹாஃப்கின் அச்சிறைகளுக்குள் சென்ற காலத்தில் அந்த நெறி அவ்வாறு எழுதப்பட்டிருக்கவில்லை.

அவர் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். பைக்குல்லாவில் நோய் முன்பே உள்ளே வந்துவிட்டது. நகரத்து மக்கள் கூட்டம் கூட்டமாக ரயிலேறி ஓடியபோது, ஓட முடியாதவர்களிடம் சென்றவர் அவர். கையில் இருந்த மருந்தைத் தாம் குடித்துப் பார்க்காமல் பிறர்க்கு ஊட்டியவரும் அல்லர். தாமே சிறை கண்டவர், தாமே நாடற்றவர். எனவே அவர் செயலில் இரக்கமும் இருந்தது, ஆய்வாளரின் வசதியும் இருந்தது என்பதே என் முடிவு. இரண்டையும் சேர்த்தே நாம் காண வேண்டும்.

நம் பெங்களூரில்

1898 ஆகஸ்டில் பிளேக் பெங்களூருக்கு வந்தது. ஹூப்ளியில் பரவிக்கொண்டிருந்த நோய் ரயில் வழியே இங்கு இறங்கியது. பேட்டைப் பகுதியின் நெருக்கமான தெருக்களிலும், நம் தமிழ் மக்கள் மிகுதியாக வாழ்ந்த கண்டோன்மென்டுப் பகுதியிலும் அது பரவியது. பம்பாயில் நடந்தது இங்கும் நடந்தது: வீடுகளைக் காலி செய்தல், ஊருக்கு வெளியே குடிசை முகாம்கள், ரயில் நிலையங்களில் சோதனை. பிளேக் பணிகளை ஒருங்கிணைப்பதற்காகவே அவ்வாண்டில் நகரில் தொலைபேசிக் கம்பிகள் இழுக்கப்பட்டன. திருவிதாங்கூரில் பிறந்து, சென்னையில் மருத்துவம் பயின்று, ஈழவர் என்ற ஒரே காரணத்தால் சொந்த நாட்டில் வேலை மறுக்கப்பட்ட டாக்டர் பல்பு, மைசூர் அரசின் மருத்துவராக இங்கே பிளேக் பணியில் உழைத்தார். பிறந்த மண்ணில் இடம் கிடைக்காத இருவரின் கைகள், ஒருவர் கண்ட மருந்தாலும் மற்றவர் செய்த தொண்டாலும், இந்நாட்டில் ஒரே நோயை எதிர்த்தன என்பது எண்ணி மகிழத்தக்கது.

நோய் நகரத்தின் முகத்தையே மாற்றியது. காற்றோட்டமான அகன்ற தெருக்களோடு பசவனகுடியும் மல்லேசுவரமும் வளர்ந்தன. கண்டோன்மென்டுப் பக்கத்தில் பின்னர் பிரேசர் டவுன் எழுந்தது. இன்று நாம் நிழலில் நடந்து மகிழும் சாலைகள் பல பிளேக்கின் அச்சத்தில் பிறந்தவை. பிளேக் மாரியம்மன் என்ற பெயரில் இங்கே கோயில்களும் உண்டு. ஆனால் புதுத் தெருக்களில் மனை வாங்கியவர்கள் வாங்கும் வலிமை உள்ளவர்கள். முகாம் கலைந்த பின் பேட்டையின் கூலி மக்கள் பழைய சந்துகளுக்கே திரும்பினார்கள்.

மல்கோவால்

1902 அக்டோபர் 30-ஆம் நாள் பஞ்சாபில் மல்கோவால் என்ற சிற்றூரில் 107 பேருக்குப் பிளேக் ஊசி போடப்பட்டது. அவர்களுள் 19 பேர் டெட்டனஸ் என்னும் நரம்பிசிவு நோய் கண்டு இறந்தனர். பத்தொன்பது பேருக்கும் மருந்து ஒரே புட்டியிலிருந்து எடுக்கப்பட்டது. பழி ஆய்வுக்கூடத்தின் மேல் விழுந்தது. மருந்தைத் தூய்மை செய்யும் முறையில் ஹாஃப்கின் மாற்றம் செய்திருந்தார்; அதுவே குற்றம் என்றனர். அவர் பணியிலிருந்து நீக்கி வைக்கப்பட்டார். எந்த நாட்டு மக்களுக்காக உழைத்தாரோ அந்த நாட்டின் ஆட்சியாளர் முன் குற்றவாளியாக நின்றார்.

உண்மை மெல்ல மெல்ல வெளிவந்தது. அந்தப் புட்டியைத் திறக்கையில் இடுக்கி ஒன்று தரையில் விழுந்திருந்தது. அதைச் சரிவரத் தூய்மை செய்யாமல் பயன்படுத்தியிருந்தனர். மண்ணில் வாழும் கிருமி அவ்வழியே புட்டிக்குள் சென்றிருக்க வேண்டும். ஆய்வுக்கூடத்திலேயே மருந்து கெட்டிருந்தால், புட்டி திறக்கப்பட்டபோதே நாற்றம் காட்டியிருக்கும் என்று அறிஞர்கள் விளக்கினர். மலேரியாவின் வழியைக் கண்டறிந்த ரொனால்ட் ராஸ் 1907-இல் லண்டன் டைம்ஸ் இதழில் அவருக்காக வாதாடினார். பேரறிஞர் பலரும் அவரோடு சேர்ந்தனர். அவ்வாண்டின் இறுதியில் பழி நீங்கியது. ஐந்தாண்டுகள் போயின!

மீண்டும் இந்தியாவுக்கு வந்தார். ஆனால் தாம் கட்டி வளர்த்த பம்பாய் ஆய்வுக்கூடம் அவருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. கல்கத்தாவில் பணி தந்தார்கள். ஆய்வுக்கு முன்போல் உரிமையும் இல்லை. ஐம்பத்தைந்து வயதில் ஓய்வு பெற்று ஐரோப்பா சென்றார். மணம் செய்துகொள்ளாமலே வாழ்ந்தார். 1925-இல் பம்பாய் ஆய்வுக்கூடத்துக்கு ஹாஃப்கின் நிலையம் என்று பெயர் சூட்டினர். 1930 அக்டோபர் 26-ஆம் நாள் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் மறைந்தார். 1964-இல் இந்திய அரசு அவர் உருவம் பொறித்த அஞ்சல்தலை வெளியிட்டது. மும்பையில் அந்நிலையம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

முதலில் ஏன்? கடைசியில் ஏன்?

இனி நம் காலத்துக்கு வருவோம். 2020 மார்ச் 23-ஆம் நாள், சிறைகளில் நெரிசலைக் குறைக்க யார் யாரைப் பரோலிலோ இடைக்காலப் பிணையிலோ விடலாம் என முடிவு செய்ய மாநிலந்தோறும் உயர்நிலைக் குழு அமைக்குமாறு உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. நெரிசலான சிறையில் நோய் புகுந்தால் அது தண்டனைக்கு மேல் தண்டனை ஆகும் என்பதை நாடு ஒப்புக்கொண்ட நாள் அது. மறுநாள் ஊரடங்கு அறிவிப்பு வந்தது. பெங்களூரின் அடுக்குமாடிகளைக் கட்டிய தொழிலாளர் பலர், கட்டடம் பாதியில் நின்றதும் தங்க இடமின்றித் தவித்தனர். மே மாதத் தொடக்கத்தில் அவர்களைச் சொந்த ஊருக்கு அனுப்பவிருந்த ரயில்களைக் கர்நாடக அரசு நிறுத்தியது. கண்டனம் எழுந்ததும் இரண்டொரு நாளில் அம்முடிவைக் கைவிட்டது. ஊரார் உறங்க வீடு கட்டியவனுக்கு ஊரில் உறங்க இடமில்லை. ஊர் திரும்ப ரயிலும் இல்லை என்ற நிலை! ஹாஃப்கின் காலத்தில் பிறந்த அந்த 1897-ஆம் ஆண்டுச் சட்டமே 2020-லும் கையாளப்பட்டது.

2021 ஜனவரி 16-ஆம் நாள் நாட்டில் கொரோனாத் தடுப்பூசி தொடங்கியது. அதைப் பெற அடையாள அட்டை காட்ட வேண்டும். தெருவில் படுப்பவனிடம் அட்டை ஏது? சிறைவாசியிடம் அட்டை ஏது? அட்டை இல்லாதோர்க்கும் சிறையில் உள்ளோர்க்கும் ஊசி போடுவதற்கான தனி நெறிமுறையை மைய அரசு வெளியிட்டது மே மாதத்தில். இடையில் ஏறக்குறைய நான்கு மாதங்கள். இரண்டாம் அலை வீசியடித்த மாதங்களும் அவற்றுள் அடக்கம்.

எண்ணிப் பாருங்கள். 1897-இல் மருந்து உறுதிப்படாதிருந்தபோது அது முதலில் சிறைக்குள் சென்றது. 2021-இல் மருந்து உறுதிப்பட்ட பின் சிறைவாசிக்கும் வீடற்றவனுக்கும் வழி வகுக்க நான்கு மாதம் ஆயிற்று. சோதனை என்றால் அவன் முன்வரிசை. பாதுகாப்பு என்றால் பின்வரிசை. ஹாஃப்கினின் வாழ்க்கையைப் படித்தபின் என் உள்ளத்தை விடாமல் குடையும் எண்ணம் இதுதான்.

இது இரக்கத்தை மட்டும் சார்ந்த செய்தி அன்று. அறிவியலும் இதையே சொல்கிறது. சிறைச் சுவர் மனிதரைத் தடுக்கும், நோயைத் தடுக்காது. காவலர் நாள்தோறும் வீடு திரும்புகிறார். விசாரணைக் கைதி நீதிமன்றம் போய் வருகிறான். தெருவில் உறங்குபவன் நாம் தேநீர் குடிக்கும் கடையின் வாசலில்தான் உறங்குகிறான். அவர்களைக் காவாமல் ஊரைக் காக்க முடியாது.

நம் முன்னோர் இதை அறியாதவர் அல்லர். மணிமேகலைக் காப்பியத்தை நம்மில் பலர் படித்திருப்போம். அமுதசுரபியை ஏந்திய அந்த இளம்பெண், புகார் நகரத்து அம்பலத்தில் கிடந்த ஆதரவற்றோர்க்கு முதலில் உணவிட்டாள். பின்னர்ச் சிறைக்குள் சென்று பசித்திருந்தவர்களுக்கு உணவிட்டாள். அரசன் மகிழ்ந்து என்ன வேண்டும் என்று வினவியபோது, சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றித் தருமாறு வேண்டினாள், அரசனும் இசைந்தான். வீடற்றவனையும் சிறைவாசியையும் ஒரே பாத்திரத்தால் ஊட்டிய கதை நம்முடையது.

நம் நகரின் பழைய மத்தியச் சிறை இன்று சுதந்திரப் பூங்கா. சிறைவாசிகள் பரப்பன அக்கிரகாரத்துக்கு மாற்றப்பட்டு ஆண்டுகள் பல ஆயின. சிறையைப் பூங்கா ஆக்குவது அழகுதான். ஆனால் புதுச் சிறைக்குள் இருப்பவரின் நலத்தை அந்தப் பூங்காவின் மரங்கள் காவா. நம்முள் சிலர் நாளை மருத்துவர் ஆவோம். சிலர் வழக்கறிஞர் ஆவோம். சிலர் அரசு அலுவலில் அமர்ந்து பட்டியல் தயாரிப்போம். மற்றொரு கொள்ளை நோய் வராது என்று உறுதி கூறுவார் இல்லை. அது வரும்போது பட்டியலில் யார் பெயரை முதலில் எழுதுகிறோம், எதற்காக எழுதுகிறோம் என்பது நம் கையில் இருக்கும். புது மருந்தைச் சோதிக்கும் நாள் வந்தால் ஹாஃப்கின் செய்ததுபோல் நம் கையை முதலில் நீட்டுவோம். மருந்து தேறிய பின் அதைப் பகிரும் நாள் வந்தால், வாய் திறந்து கேட்க முடியாதவனின் கையை முதலில் தேடுவோம்.